240 ஹெர்ட்ஸ் பெட்டியில இருக்கு, திரையில இருக்கா?

இந்த வார எபிசோட்டில் கேமிங் மானிட்டர் பற்றிக் கதைத்தபோது நேரம் போதாமல் ஒரு விஷயத்தை விட்டுவிட்டோம். உங்கள் காசு சம்பந்தப்பட்டது என்பதால் இங்கே எழுதுகிறேன். 240 ஹெர்ட்ஸ் மானிட்டர் வாங்கி, லேப்டாப்பில் கொழுவி, மாதக்கணக்காக 60 ஹெர்ட்ஸில் விளையாடுகிற ஆட்கள் இருக்கினம். அது அவர்களுக்கே தெரியாது. என்னைக் கேட்டால் பிழை அவர்களில் இல்லை. சொல்லவேண்டியதைப் பெட்டியில் சொல்லாத கம்பனிகளில்தான் பிழை.

முதலில் கணக்கைப் பார்ப்போம். 60 ஹெர்ட்ஸில் ஒரு படம் திரையில் 16.7 மில்லிசெக்கன் நிற்கும். 144 என்றால் 6.9. 240 என்றால் 4.2. கவுண்டர்-ஸ்ட்ரைக், வலோரன்ட் மாதிரி விளையாட்டில் மௌஸைத் திருப்பும்போதே இந்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். அதுக்காகத்தான் பகுதிநேர வேலை செய்து சேர்த்த காசைக் கொட்டி வாங்குறீங்கள்.

ஆனால் அத்தனை படமும் ஒரு கேபிளுக்குள்ளால போகவேணும். 2560 × 1440 திரையில் 240 ஹெர்ட்ஸ் வேண்டுமென்றால், சுருக்காமல் அனுப்ப செக்கனுக்கு 21 கிகாபிட்டுக்கு மேல் தேவை. எச்.டி.எம்.ஐ 2.0 வழியாகப் படத்துக்குக் கிடைப்பது 14.4 கிகாபிட். டிஸ்ப்ளேபோர்ட் 1.4 வழியாக 25.9. முதலாவதில் 144 ஹெர்ட்ஸ் வரைக்கும் மட்டுமட்டாகப் போகும். 240 வேண்டுமென்றால் இரண்டாவதுதான்.

"அப்ப எச்.டி.எம்.ஐ 2.1 எண்டு போட்டிருக்கிறதை வாங்கினாச் சரிதானே?" என்று கேட்பீர்கள். அங்கேதான் எனக்குக் கோபம் வருது. 2021இல் எச்.டி.எம்.ஐ உரிமத்தைக் கவனிக்கிற அமைப்பு ஒரு விளக்கம் சொன்னது: 2.0 என்று இனித் தனியாக ஒன்று இல்லை, அதுவும் 2.1க்குள் அடக்கம், புது வசதிகள் எல்லாம் கட்டாயம் இல்லை. அதனால் 2.1 என்று எழுதிய போர்ட்டில் 48 கிகாபிட்டும் இருக்கலாம், பழைய 18உம் இருக்கலாம். எந்தெந்த வசதி உண்டு என்று தயாரிப்பாளர் சொல்லவேணும் என்பதும் விதிதான். ஆனால் அதைத் தேடிப் பிடிப்பது உங்கட பாடு.

யூ.எஸ்.பி-சி இன்னும் மோசம். ஒரே வடிவ ஓட்டைதான். ஒன்றில் சார்ஜும் டேட்டாவும் மட்டும் போகும், இன்னொன்றில் படமும் போகும். படம் போகிற போர்ட்டிலும் நடுவில் ஒரு ஹப்பைக் கொழுவினால், பல ஹப்கள் நான்கு பாதையில் இரண்டை டேட்டாவுக்கு எடுத்துவிடும். படத்துக்குப் பாதிதான் மிச்சம். மலிவு ஹப் என்றால் 4கே 30 ஹெர்ட்ஸோடு நின்றுவிடும். எல்லாம் கச்சிதமாகப் பொருந்தும், படமும் வரும், வேகம் மட்டும் வராது. ஒரு எச்சரிக்கைகூட வராது.

"எல்லா விபரமும் எங்கட இணையத்தளத்தில் இருக்கு" என்று கம்பனிகள் சொல்லும். இருக்கலாம். பால் போத்தலில் கொழுப்பு எவ்வளவு என்று போத்தலிலேயே எழுதியிருக்கு. அதைத் தேடி நாங்கள் பண்ணைக்குப் போவதில்லை. லேப்டாப் போர்ட்டுக்குப் பக்கத்தில் "1440, 240 ஹெர்ட்ஸ்" என்று அடிக்க எவ்வளவு மை செலவாகும்? இது முடியாத காரியமும் இல்லை. யூ.எஸ்.பி அமைப்பே 2022இல் குழப்பமான பெயர்களை ஒதுக்கிவிட்டு 20 கிகாபிட், 40 கிகாபிட் என்று வேகத்தையே சின்னமாக்கியது. திரைக்கும் அதே மாதிரி ஒன்று கட்டாயம் வேணும்.

அது வரும்வரைக்கும் நீங்கள்தான் கவனமாக இருக்கவேணும். வாங்க முதல் மானிட்டரை விட்டுவிட்டு லேப்டாப்பைப் பாருங்கள்: எந்த போர்ட், எந்தத் திரை அளவில், எத்தனை ஹெர்ட்ஸ். கேமிங் லேப்டாப்பில் ஒரு போர்ட் நேரே கிராபிக்ஸ் கார்டுக்கும், மற்றது பிராசசருக்குள் இருக்கிற கிராபிக்ஸுக்கும் போகலாம். என்விடியா கார்டு என்றால் கண்ட்ரோல் பேனலில் பிசிக்ஸ் பக்கத்தில் எந்தத் திரை எதில் கொழுவியிருக்கு என்று படமாகவே காட்டும். கார்டுக்கு நேரே போகிறதில் கொழுவுங்கள். முடிந்தால் ஹப்பைத் தவிருங்கள்.

கொழுவின அன்றைக்கே விண்டோஸ் 11இல் செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்ப்ளே, அட்வான்ஸ்ட் டிஸ்ப்ளே என்று போய் ரிஃப்ரெஷ் ரேட்டைப் பாருங்கள். எல்லாம் சரியாக இருந்தாலும் அது 60இல் நிற்கலாம், நீங்கள்தான் மாற்றவேணும். பட்டியலில் 240 வரவே இல்லையென்றால் கேபிள், ஹப், போர்ட் மூன்றில் ஒன்று தடுக்குது. பிரித்தானியாவிலும் ஐரோப்பிய ஒன்றியத்திலும் ஆன்லைனில் வாங்கிய பொருளைக் கைக்கு வந்து 14 நாளுக்குள் காரணம் சொல்லாமலே திருப்பலாம். அதனால் பெட்டியை உடனே எறியாதீர்கள்.

கடையில் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுதான்: "இந்த போர்ட்டால 1440இல எத்தனை ஹெர்ட்ஸ் போகும்?" பதில் சொல்லத் தெரியாத கடையில் காசைக் குடுக்காதீங்கள். நாங்கள் நாலு பேர் கேட்கத் தொடங்கினால்தான் அவர்கள் பெட்டியில் எழுதத் தொடங்குவினம்.