அடுத்த ஊருக்கு ஒரு வண்டி

இத்தாலி போய்வந்த சித்தி மகன் போனை நீட்டிப் படம் படமாகக் காட்டினான். சிங்க்வெ தெர்ரே. கடலோரப் பாறையில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஐந்து சின்ன ஊர்கள். வீடுகளுக்கு மஞ்சளும் காவியும் பூசியிருக்கிறார்கள். "ரயில் ஏறினா அஞ்சு நிமிசத்துல அடுத்த ஊருண்ணே. ஒரே சீட்டு, நாள் பூரா ஏறி இறங்கிக்கிடலாம்" என்றான். அதோடு விட்டானா? "நம்ம பக்கத்துல இப்படி ஏதாவது உண்டா?"

எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. கீழக்கடையம் ஸ்டேஷனில் நின்று மேற்கே பார்த்தே வளர்ந்தவன் நான். கடல் இல்லைதான். ஆனால் ஆனி, ஆடியில் சாரல் இறங்கும்போது மலை பாதி மறைந்து பாதி தெரிய, தோரணமலை மட்டும் தனியே கறுத்து நிற்குமே, அதற்கு எந்தக் கடல் ஈடு? பாவூர்சத்திரம், கீழக்கடையம், இரவணசமுத்திரம், ஆழ்வார்குறிச்சி, கீழ ஆம்பூர், அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி. ஐந்தென்ன, ஏழு ஊர்! எல்லாம் ஒரே தண்டவாளத்தில், மலையைப் பார்த்தபடியே. 1904-இல் கொல்லத்தோடு சேர்ந்த பாதை இது. 2012-இல் அகலப் பாதையாகவும் ஆயிற்று. ஆழ்வார்குறிச்சியில் இறங்கினால் சிவசைலம் கோயிலும் கடனாநதி அணையும் பக்கம்தான். எங்கள் ஊர் பாரதியின் மனைவி செல்லம்மாவின் ஊர். 1918 டிசம்பரில் கடலூர்ச் சிறையிலிருந்து விடுதலையான பாரதி இங்கேதான் வந்தார். 1920 வரை இருந்தார். நித்யகல்யாணி கோயில் பக்கம் இப்போது நடந்தாலும் காற்றில் வயல் வாசம்தான்.

இதையெல்லாம் அவனுக்குக் காட்டிவிடலாம் என்று போன ஆடியில் அவனையும் அவன் பிள்ளைகளையும் ரயிலிலேயே கூட்டிப்போனேன். ஆழ்வார்குறிச்சியில் இறங்கி, சிவசைலம் பார்த்துத் திரும்பினோம். வண்டி போய்விட்டது. அடுத்தது எப்போது என்று கேட்டால், சொன்ன நேரத்தைக் கேட்டுப் பிள்ளைகள் முகம் சுருங்கியது. கடைசியில் வாடகைக் கார். காரில் ஏறினால் டிரைவருக்குத் தெரிந்தது ஒரே ஊர்: குற்றாலம். அங்கே நெரிசலில் நின்று, தலையை நனைத்து, சிப்ஸ் வாங்கி, சென்னைக்குக் கிளம்பிவிட்டார்கள். கல்லிடைக்குறிச்சி அப்பளத்தைக்கூட அவர்கள் கண்ணில் காட்ட முடியவில்லை.

தண்டவாளம் இருக்கிறது. ஸ்டேஷன் இருக்கிறது. மலை எங்கும் போய்விடவில்லை. அடிக்கடி ஓடும் ரெண்டு பெட்டி வண்டி, ஸ்டேஷனிலிருந்து கோயிலுக்கும் அணைக்கும் ஒரு மினி பஸ், பெண்கள் கூசாமல் போக ஒரு கழிப்பறை. இவ்வளவுதானே கேட்கிறோம்?

சிங்க்வெ தெர்ரேயின் அந்த ஐந்து ஊர்களிலும் மலைச்சரிவில் கல்லடுக்கிப் படிப்படியாகத் திராட்சை போட்டவர்கள் கிழடாகி, இளசுகள் வெளியேற, பல சுவர்கள் கவனிப்பாரற்றுச் சரிந்தனவாம். 2011 அக்டோபர் மழையில் சரிவின் சேறு அவற்றுள் ஒன்றான வெர்னாட்சாவின் தெருவையே மூடிவிட்டது. இதைக் கேட்டபோது எங்கள் வயல்கள்தான் நினைவுக்கு வந்தன. வரப்பு இருந்த இடத்தில் மனைக்கல் நிற்கிறது; நாற்று நட ஆள் இல்லை. பார்க்க வருகிறவன் நாலு ஊரில் இறங்கி, ஒரு காபி குடித்து, ஒரு கட்டு அப்பளம் வாங்கினாலாவது, இங்கேயே பிழைக்கலாம் என்று நாலு பையன்கள் நினைப்பார்கள்.

வருகிற ஆடிக்கும் வருகிறேன் என்றிருக்கிறான். "கார் எடுத்துருவோம்ணே" என்கிறான் இப்போதே. நான் ரயில் நேரத்தைத் தாளில் எழுதி வைத்துக்கொண்டு, கூட்டியும் கழித்தும் பார்த்துக்கொண்டிருக்கிறேன். மூன்று ஊருக்குமேல் வரமாட்டேன் என்கிறது.