உயரத்தை மட்டும் அளந்தால் போதாது: மதுரை பழைய நகருக்குத் தனித் திட்டம் கோரும் மனு

அனுப்புநர்: மதுரை மாசி வீதிகளுக்குள்ளும் வெளி வீதிகளை ஒட்டியும் குடியிருப்போரும் சிறுகடை நடத்துவோரும் சேர்ந்த சங்கம்.

பெறுநர்: உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள், உயர்திரு மாநகராட்சி ஆணையாளர் அவர்கள், நகர் ஊரமைப்புத் துறையின் மாவட்ட அலுவலர் அவர்கள், மதுரை.

பொருள்: வெளி வீதிகளுக்கு உட்பட்ட பழைய நகருக்கெனத் தனியாக ஒரு விரிவு அபிவிருத்தித் திட்டம் வகுக்கக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா, அம்மையீர்,

மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலிலிருந்து ஒரு கிலோமீட்டர் ஆரத்துக்குள் 9 மீட்டருக்கு மேல் கட்டடம் எழுப்பக் கூடாது என்ற விதி பல ஆண்டுகளாக நடப்பில் இருக்கிறது. அதைத் தளர்த்தச் சொல்லி இந்த மனுவை நாங்கள் எழுதவில்லை. அந்த விதி இருக்கத்தான் வேண்டும். ஆனால் பழைய நகருக்கான பாதுகாப்பு என்று கேட்டால், அதிகாரிகளும் கட்டடம் கட்டுவோரும், ஏன், வழக்குப் போடுவோரும்கூட இந்த ஒற்றை எண்ணைத்தான் காட்டுகிறார்கள். 160 அடிக்கும் உயர்ந்த தெற்குக் கோபுரத்தை மறைக்காமல் இருப்பது ஒரு காரியம். அந்தக் கோபுரத்தைச் சுற்றி ஊர் ஊராக இருப்பது வேறொரு காரியம். முதலாவதற்கு விதி இருக்கிறது. இரண்டாவதற்கு எதுவும் இல்லை என்பதே எங்கள் வாதம்.

மதுரையின் பழைய நகரில் காக்கப்பட வேண்டியது தனித்தனிக் கட்டடங்களைவிட அதன் வீதி அமைப்பு. கோயிலுக்குள் ஆடி வீதி, மதிலை ஒட்டிச் சித்திரை வீதி, அதற்கு அப்பால் ஆவணி மூல வீதி, மாசி வீதி, கோட்டை நின்ற எல்லையில் வெளி வீதி என்று சதுரத்துக்குள் சதுரமாக அமைந்த ஊர் இது. 16-ஆம் நூற்றாண்டில் விசுவநாத நாயக்கர் காலத்தில் இந்த அமைப்பு உறுதிப்பட்டது. மாசியில் நடந்த தேரோட்டத்தைத் திருமலை நாயக்கர் சித்திரைக்கு மாற்றினார் என்பது மரபு. அதனால்தான் இன்று சித்திரைத் தேர் மாசி வீதிகளில் ஓடுகிறது. மாதம் மாறியும் தேர் வீதி மாறவில்லை என்பதைக் கவனிக்க வேண்டுகிறோம். தேருக்கு வேண்டிய அகலம், முனைகளில் அது திரும்ப வேண்டிய இடம், வடம் பிடிப்போர் நிற்க வேண்டிய வெளி, சுவாமி இறங்கும் மண்டகப்படி எல்லாம் சேர்ந்துதான் அந்த வீதியின் அளவைத் தீர்மானித்தன.

மாற்றமே கூடாது என்று சொல்வோர் நாங்கள் அல்லர். இந்த ஊர் கண்ட மிகப் பெரிய இடிப்பு 1837-க்குப் பிறகு கலெக்டர் பிளாக்பர்ன் காலத்தில் நடந்தது. கோட்டைச் சுவர் போயிற்று, அகழி தூர்ந்தது. ஆனால் அந்த இடிப்புக்கு ஓர் ஒழுங்கு இருந்தது. இடித்த கல்லும் மண்ணும் அகழியை நிரப்பின. கிடைத்த நிலத்தில் பழைய சதுரங்களுக்கு இணையாகவே வெளி வீதிகளும், மாரட்டு வீதிகளும், பெருமாள் மேஸ்திரி வீதிகளும் அமைந்தன. வேலையில் ஈடுபட்ட ஓர் அளவையாளரின் பெயரும் ஒரு மேஸ்திரியின் பெயரும் தெருப் பெயர்களாக நிலைத்திருக்கின்றன. இடித்தவருக்கு ஊரார் நன்றி சொல்லி நிறுத்திய நினைவுத்தூண்தான் நாம் இன்று விளக்குத்தூண் என்று சொல்லும் இடம். கோட்டையை இழந்த ஊர் தன் வடிவத்தை இழக்கவில்லை. இன்று நடப்பது நேர்மாறு: எதையும் இடிக்க உத்தரவில்லை, ஆனால் வடிவம் கரைந்துகொண்டிருக்கிறது.

எப்படிக் கரைகிறது என்பதற்குக் கணக்கே சாட்சி. 9 மீட்டருக்குள் தரைத்தளமும் இரண்டு மாடியும் அடங்கும். மாசி வீதிகளுக்குள் மனைகள் சிறியவை. பக்கச் சுவரோடு சுவர் ஒட்டியவை. ஒரு சென்ட் மனை என்றால் 435 சதுர அடி. பொதுவாக அனுமதிக்கப்படும் தளப்பரப்பு மனையின் இரு மடங்கு, அதாவது 870 சதுர அடி. முற்றத்தை மூடி, கிணற்றைத் தூர்த்து, பின்கட்டை இடித்து, மனை முழுவதும் மூன்று தளம் போட்டால் 1,300 சதுர அடி வந்துவிடும். உயரத்தை அளக்கும் அலுவலர் நாடாவைப் பிடித்துப் பார்த்தால் அங்கே விதிமீறலே தெரியாது. தரைக்குக் கீழே தோண்டிக் கிட்டங்கி அமைத்தாலும் அந்த நாடாவுக்கு எட்டாது. உயரத்தை அடக்கினோம், ஊர் அகலத்திலும் ஆழத்திலும் வீங்கிவிட்டது. பழைய வீடுகளின் முற்றங்கள் மழைநீரை உள்வாங்கிக் கிணற்றுக்குக் கொடுத்தன, வெக்கையை மேலே அனுப்பின. அவை மூடப்பட்டபின் கூரைத் தண்ணீர் முழுவதும் தெருவுக்கு வருகிறது. அந்தத் தண்ணீர் போய்ச் சேர்ந்த நீர்நிலைகளின் கதி தாங்கள் அறியாததல்ல. எழுகடல் தெருவும் கிருஷ்ணராயர் தெப்பக்குளமும் பெயரில் மட்டும் தண்ணீர் உள்ளவை. டவுன்ஹால் ரோட்டில் பெருமாள் தெப்பம் கடைகளுக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது. கிருதுமால் நதி சாக்கடையாகிவிட்டது.

கட்டடத்தின் பயன்பாடு மாறுவதை உயர விதி கண்டுகொள்வதே இல்லை. ஒரு குடும்பம் இருந்த வீடு அதே உயரத்தில், அதே முகப்போடு லாட்ஜாகவோ கிட்டங்கியாகவோ மாறலாம். வரைபடத்தில் எதுவும் மாறியிருக்காது; அந்தத் தெருவின் தண்ணீர்த் தேவையும் கழிவுநீரும் வண்டிகளும் பல மடங்காகியிருக்கும், இரவில் தெருவில் ஆள் இருக்கமாட்டார்கள். ஒவ்வொரு தெருவுக்கும் ஒரு தொழில் என்பது இந்த ஊரின் பழைய வழக்கம்தான். வெங்கலக்கடைத் தெரு, வளையல்காரத் தெரு என்று பெயர்களே சொல்கின்றன. ஆனால் அந்தத் தொழில்கள் மாடியில் குடியிருந்தவர்கள் கீழே நடத்திய கடைகள். குடியிருப்பு வெளியேறிக் கடை மட்டும் மிஞ்சினால் அது சந்தை. ஊர் என்று சொல்ல முடியாது.

2016-இல் மதுரை ஸ்மார்ட் சிட்டி திட்டத்துக்குத் தேர்வானபின் பெரிய தொகை இந்தப் பகுதியில் செலவாயிற்று. பெரியார் பேருந்து நிலையம் புதிதாயிற்று, சித்திரை வீதிகளில் கல் பாவப்பட்டது, வடக்கு ஆவணி மூல வீதியில் பழைய சென்ட்ரல் மார்க்கெட் இருந்த இடத்தில் பல அடுக்கு வாகன நிறுத்தம் வந்தது. சித்திரை வீதிகளில் வண்டிகள் நுழையாமல் நடக்க முடிவது உண்மையிலேயே பெரிய நன்மை, அதை மறுப்பதற்கில்லை. ஆனால் வாகன நிறுத்தம் எங்கே வரவேண்டும் என்பதில் எங்களுக்கு மாறுபாடு உண்டு. காய்கறி மார்க்கெட்டை மாட்டுத்தாவணிக்கு அனுப்பியதே நெரிசலைக் குறைக்கத்தான். காலியான அதே இடத்துக்குக் கார்களை வரவழைத்தால், போன நெரிசல் வேறு வேடத்தில் திரும்பி வருகிறது. நிறுத்தம் வெளி வீதிக்கு வெளியே இருக்க வேண்டும். உள்ளே நடையும், வயதானவர்களுக்குச் சிறு மின்வண்டியும் போதும்.

வண்டியைத் தடுத்தால் வியாபாரம் படுத்துவிடும் என்று கீழமாசி வீதி மளிகை மொத்த வியாபாரிகளும் கீழமாரட்டு வீதி வெங்காய வியாபாரிகளும் அஞ்சுவது நியாயமான அச்சம். எங்கள் சங்கத்திலேயே அந்தக் குரல் உண்டு. அதற்கு எங்கள் பதில், கடையையும் சரக்கையும் பிரித்துப் பார்க்க வேண்டும் என்பது. பேச்சு, விலை, கணக்கு, பற்று வரவு எல்லாம் கடையில் நடக்கின்றன. மூட்டை அங்கே வந்துதான் ஆக வேண்டும் என்பதில்லை. நகர எல்லையில் பொதுக் கிட்டங்கி அமைத்து, லாரிகள் அங்கேயே இறக்கி, சில்லறைக்கு வேண்டியது மட்டும் குறித்த நேரத்தில் குட்டியானையில் உள்ளே வந்தால், கடை இருக்கும் இடத்திலேயே இருக்கும். சுமைப்பணித் தொழிலாளர்களுக்கு அந்தக் கிட்டங்கியில் முதல் உரிமை எழுத்தில் உறுதியாக வேண்டும். இல்லையேல் இந்த ஏற்பாட்டின் முழுச் சுமையும் அவர்கள் தலையில் விழும். மாற்று இடம் கொடுத்தபின் அகற்றுவது என்ற முறைக்கு இங்கேயே முன்னுதாரணம் இருக்கிறது: புதுமண்டபத்துக்குள் இருந்த தையல் கடைகளும் புத்தகக் கடைகளும், புதுப்பித்துக் கட்டிய குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறின. அந்த வரிசை, முதலில் இடம், பிறகு இடமாற்றம், எல்லாத் தொழிலுக்கும் பொருந்த வேண்டும்.

அடுத்த ஆட்சேபம் மனை உரிமையாளர்களுடையது. ஊர் முழுக்க மாடிமேல் மாடி ஏற, எங்கள் நிலம் மட்டும் ஏன் முடங்க வேண்டும் என்று கேட்கிறார்கள். நகர வளர்ச்சியே தடைப்படுகிறது என்ற பேச்சும் சேர்ந்துகொள்கிறது. ஒரு கிலோமீட்டர் ஆரமுள்ள வட்டத்தின் பரப்பு சற்றேறக்குறைய 3 சதுர கிலோமீட்டர். 2011-இல் 100 வார்டுகளாக விரிந்த மாநகராட்சியின் பரப்பு ஏறத்தாழ 148 சதுர கிலோமீட்டர். நூற்றில் இரண்டு பங்குக்கு விதித்த கட்டுப்பாடு மிச்சம் 98 பங்கின் வளர்ச்சியைத் தடுக்கிறது என்பது வாதத்துக்கு நிற்காது. ஆனால் அந்த இரண்டு பங்கில் மனை வைத்திருப்பவரின் இழப்பு உண்மையானது. ஊருக்காக அவர் விட்டுக்கொடுப்பதற்கு ஊர் ஈடு செய்ய வேண்டும். சாலை விரிவாக்கத்துக்கு நிலம் தருவோர்க்கு உள்ள வளர்ச்சி உரிமை மாற்று முறையை, முற்றத்தையும் முகப்பையும் காத்து வைத்திருப்போருக்கும் நீட்டிக்கலாம். இங்கே கட்டாத பரப்பை அவர் புறநகரில் கட்டவோ விற்கவோ முடிந்தால், வீட்டை இடிக்க அவருக்கு ஒரு காரணம் குறையும். குடியிருப்பாகவே தொடரும் வீடுகளுக்குச் சொத்துவரியில் சலுகை தருவதும் மாநகராட்சியின் கையில் உள்ளதுதான்.

பழைய வீடுகள் ஆபத்தானவை, விழுந்துவிடும் என்பது மற்றொரு பேச்சு. சில அப்படித்தான், அவற்றை இடிக்கவே வேண்டும். ஆனால் ‘ஆபத்தான கட்டடம்’ என்ற நோட்டீஸ், வாடகைதாரரைக் கிளப்புவதற்கான கருவியாகவும் பயன்படக்கூடியது. சுண்ணாம்புக் காரை, மெட்ராஸ் தளம், மரத்தூண் ஆகியவற்றைப் பழுது பார்க்கத் தெரிந்த பொறியாளரின் சான்று இல்லாமல் அப்படி ஒரு முடிவு எடுக்கக் கூடாது. 1914-15-இல் சென்னை மாகாண நகரங்களைப் பார்வையிட்ட பேட்ரிக் கெடெஸ், நெருக்கமான பழைய பகுதிகளை அடியோடு இடித்து அகலச் சாலை போடுவதை எதிர்த்தார். வேண்டிய இடத்தில் மட்டும் கத்தி வைக்கும் வைத்தியம்போல் சீர்திருத்தம் செய்யச் சொன்னார். நூறாண்டு கடந்தும் அதைவிட மலிவான வழி ஒன்றும் நமக்குத் தெரியவில்லை.

இதற்கெல்லாம் புதுச் சட்டம் தேவையில்லை. 1971-ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டம் குறிப்பிட்ட பகுதிக்கு விரிவு அபிவிருத்தித் திட்டம் வகுக்க இடம் தருகிறது. 2012-இல் நிறைவேறிய தமிழ்நாடு பாரம்பரிய ஆணையச் சட்டம் இருக்கிறது. குறையெல்லாம் பொறுப்பு சிதறிக் கிடப்பதுதான்: கோயில் அறநிலையத் துறையிடம், நாயக்கர் மகால் மாநிலத் தொல்லியல் துறையிடம், தெரு மாநகராட்சியிடம், கட்டட விதி நகர் ஊரமைப்பிடம். மகாலின் மிச்சமான பத்துத் தூண்கள் ஜவுளிக் கடைகளுக்கு நடுவே சந்தில் நிற்பதைப் பார்த்தால், யாருக்கும் முழுப் பொறுப்பு இல்லாத இடம் எப்படி இருக்கும் என்பது விளங்கும்.

ஆகவே நாங்கள் வேண்டுவது இவை. நான்கு துறைகளும் அமரும் ஒரே குழுவின் கீழ், வெளி வீதிகளுக்கு உட்பட்ட பகுதிக்கு விரிவு அபிவிருத்தித் திட்டம் வகுக்கப்பட வேண்டும். வரைவு தமிழில் வெளியாகி, வார்டு தோறும் கருத்துக் கேட்டபின் இறுதியாக வேண்டும். அதற்கு முன், தெருத்தெருவாக வீடு, கடை, கிட்டங்கி, லாட்ஜ், கிணறு, முற்றம் அனைத்தும் கணக்கெடுக்கப்பட வேண்டும். 9 மீட்டர் உயர வரம்பு நீடிக்க, அதோடு மனையில் எத்தனை பங்கு திறந்திருக்க வேண்டும் என்ற வரம்பும் சேர வேண்டும்; தரைக்குக் கீழே தோண்டும் தளங்களுக்கு அனுமதி நிற்க வேண்டும்; குடியிருப்பை வணிகமாக்கும் ஒவ்வோர் அனுமதியும் அந்தத் தெருவின் குடிநீர், கழிவுநீர்க் கொள்ளளவைப் பார்த்தபின்பே தரப்பட வேண்டும். பெருமாள் தெப்பத்தின் நான்கு கரைகளும் திறக்கப்பட்டு, அங்கே கடை வைத்திருப்போருக்கு முதலில் மாற்று இடம் தரப்பட வேண்டும். மாசி வீதிகளில் இனி எந்தக் கட்டுமானமும், நிழற்குடையோ விளம்பரத் தூணோகூட, தேர் திரும்பும் முனைகளை அளந்து பார்த்தபின்பே அனுமதிக்கப்பட வேண்டும். கணக்கெடுப்பு முடியும்வரை, மாசி வீதிகளுக்குள் மனை முழுவதையும் மூடிக் கட்டும் புதிய வரைபடங்களை நிறுத்தி வைக்குமாறும், இம்மனு மீது எடுக்கும் நடவடிக்கையை எழுத்து மூலம் தெரிவிக்குமாறும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
சங்கத்தின் தலைவர், செயலாளர், உறுப்பினர்கள்
மதுரை