மூட்டைப்பூச்சிக்கு ஜாதி உண்டா?

கீழ்பென்னாத்தூரில் பொதுச்சுவர் வைத்த வரிசை வீடுகளில் குடியிருப்போர், இரவெல்லாம் மூட்டைப்பூச்சிக்கு இரத்தம் கொடுத்துவிட்டுக் காலையில் "தலைவிதி" என்கின்றார்கள். இதில் விதிக்கு என்ன வேலை? பூச்சி வானத்திலிருந்து விழுவதில்லை. திருவண்ணாமலைக்குக் கிரிவலம் வந்து தங்குவோரின் துணிமூட்டையிலோ, பழைய கட்டிலிலோ, அடுத்த வீட்டுச் சுவர் வெடிப்பிலோ இருந்துதான் வருகின்றது.

அடுத்த வீட்டான் தொட்டால் தீட்டு என்னும் மேல்ஜாதிக்காரரின் இரத்தத்தையும், அந்த அடுத்த வீட்டானின் இரத்தத்தையும் ஒரே பூச்சி ஒரே வயிற்றில் சேர்த்துக்கொள்கின்றதே! அப்பொழுது தீட்டு எங்கே போயிற்று?

மருந்து ஒன்றே போதுமென்பதும் குருட்டு நம்பிக்கையே. டி.டி.டி.யின் பூச்சிகொல்லும் சக்தியைக் கண்டவருக்கு 1948-ல் நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் 1947-லேயே ஹவாய்த் தீவு மூட்டைப்பூச்சிகள் அம்மருந்துக்குச் சாகவில்லை. ஒரு வீட்டில் மட்டும் மருந்தடித்தால் பூச்சி சுவர் தாண்டும்.

ஆகவே, ராகுகாலம் பாராமல் எல்லா வீட்டாரும் ஒரே நாளில் கட்டில் சந்துகளில் கொதிநீர் ஊற்றுங்கள், துணிகளை வெந்நீரில் அவியுங்கள், வெடிப்புகளைப் பூசுங்கள். முட்டைகள் பொரிக்குமாதலால் இரண்டு வாரம் கழித்து மறுபடியும் செய்யுங்கள். பூச்சுக்கூலியை வீட்டுச் சொந்தக்காரர் கொடுக்கட்டும்! சுவர் அவருடையதென்றால் வெடிப்பும் அவருடையதுதானே?

அடுத்த வீட்டுக் கதவைத் தட்டக் கூசுகிறவன், நிம்மதியாய்த் தூங்க ஆசைப்படுவது வீண்!