ஊசிக்குப் போகவேண்டிய காசு

புதுசா டேர்ன்டேபிள் வாங்கின எங்கட வயசுக்காரர் எல்லாரும் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "எந்த ஃபோனோ ப்ரீஅம்ப் வாங்கிறது?" வருகிற பதிலும் ஒன்றுதான். ஓடியோவில் பழந்தின்று கொட்டை போட்ட அண்ணைமார் ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டு, "மலிவுச் சாமானைப் போட்டா மலிவுச் சத்தம்தான் வரும் தம்பி, இன்னும் கொஞ்சம் சேர்த்துப்போட்டு நல்லதா எடு" என்பார்கள். அந்த 'இன்னும் கொஞ்சம்' எந்த இடத்தில் முடியும் என்று மட்டும் சொல்லமாட்டார்கள். டொலர் 300 ரூபாயைச் சுற்றி நிற்கிற நாட்டில், சுங்கமும் வரியும் கட்டி ஒரு பெட்டியை இறக்குகிறவரிடம் இப்படிச் சொல்வது ஆலோசனை இல்லை. "உனக்கு இது சரிவராது" என்பதை மரியாதையாகச் சொல்கிற முறை.

நாங்கள் சொல்ல வருவது நேரெதிர். இசைத்தட்டுக் கேட்கிற செட் ஒன்றில் காசைக் கொட்டவேண்டிய ஆகக் கடைசி இடம் இந்தப் பெட்டிதான். அங்கே தேவைக்கு மிஞ்சிப் போகிற ஒவ்வொரு ரூபாயும் ஊசியிடமிருந்து பறித்த ரூபாய். ஊசி ஒன்றுதான் தட்டைத் தொடுகிறது. கெடுக்கிறதும் காப்பாற்றுகிறதும் அதுதான். ப்ரீஅம்ப் உங்கட தட்டில் ஒரு கீறலைக்கூடப் போட ஏலாது.

முதலில் இந்தப் பெட்டி என்ன செய்கிறது என்று பார்ப்போம். ஏனென்றால் இதைச் சுற்றி இருக்கிற மந்திரப் பேச்சு முழுவதும், இது என்ன செய்கிறது என்று யாரும் சொல்லாததில்தான் நிற்கிறது.

இரண்டு வேலைதான். ஒன்று, சத்தத்தைக் கூட்டுவது. சாதாரண மூவிங் மக்னெற் கார்ட்ரிஜ் தருவது 3 முதல் 5 மில்லிவோல்ட் வரையில். ஓடியோ ரெக்னிக்காவின் விஎம்95ஈ தருவது 4 மில்லிவோல்ட். அதை 100 மடங்கு பெருக்கினால், அதாவது 40 டெசிபெல் கூட்டினால், 400 மில்லிவோல்ட் வரும். எந்த அம்ப்புக்கும் அது காணும்.

இரண்டாவது வேலைதான் சுவாரசியமானது. தட்டில் பாட்டு இருக்கிறபடி வெட்டப்படுவதில்லை. பாஸ் சத்தத்தை அப்படியே வெட்டினால் பள்ளம் அகலமாக அலைந்து இடத்தைத் தின்றுவிடும், ஒரு பக்கத்தில் 20 நிமிசம் கொள்ளாது. ட்ரெபிளை அப்படியே வெட்டினால் தட்டின் 'ஸ்ஸ்' இரைச்சல் அதை மூடிவிடும். அதனால் வெட்டும்போதே பாஸைக் குறைத்து, ட்ரெபிளைக் கூட்டி வெட்டுவார்கள். கேட்கும்போது அதை அப்படியே தலைகீழாகத் திருப்பவேண்டும். 1954இல் அமெரிக்க இசைத்தட்டு உற்பத்தியாளர் சங்கம் ஏற்றுக்கொண்ட ஆர்ஐஏஏ வளைவு என்பது இதுதான். 1000 ஹெர்ட்ஸை நடுவாக வைத்தால், 20 ஹெர்ட்ஸில் ஏறத்தாழ 19 டெசிபெல் கூட்டவேணும், 20,000 ஹெர்ட்ஸில் ஏறத்தாழ 20 டெசிபெல் குறைக்கவேணும்.

இவ்வளவுதான். 70 வருசத்துக்கு முதல் எழுதி முடித்த கணக்கு. ஒரு சில ரெசிஸ்டர், ஒரு சில கப்பாசிற்றர், ஒரு ஒப்-அம்ப் சிப். என்ஈ5532 என்கிற சிப் பல பத்து வருசமாக ஒலிப்பதிவுக்கூடங்களின் மிக்சர்களுக்குள் கிடக்கிறது. நீங்கள் கேட்கிற தட்டுகள் கனக்க, வெட்டப்படுவதற்கு முன்னரே அந்தக் குடும்பத்துச் சிப்புகளுக்குள்ளால் போய் வந்தவைதான். அந்தச் சிப் கூடத்தில் இருந்தால் 'தொழில்முறை', மலிவுப் பெட்டிக்குள் இருந்தால் 'குப்பை'. இது எந்த ஊர் நியாயம்?

"காதால் கேட்டுப் பார், வித்தியாசம் தெரியும்" என்பார்கள். காதைப் பற்றிக் கதைப்பதென்றால் 2022இல் நடந்ததைக் கதைப்போம். அமெரிக்காவின் மொபைல் ஃபிடெலிற்றி என்கிற நிறுவனம் முழு அனலொக் முறையில் வெட்டியவை என்று வாங்கினவர்கள் நம்பியிருந்த விலை கூடின மறுபதிப்புகளை வெளியிட்டு வந்தது. அந்த வருசம், 2011 முதலே அந்தத் தட்டுகள் பலவற்றின் தயாரிப்பில் இடையில் டிஜிற்றல் கட்டம் ஒன்று இருந்தது என்பது வெளியில் வந்தது. பத்து வருசத்துக்கு மேல் அவற்றை வாங்கி, டிஜிற்றலின் 'குளிர்' இல்லாத அனலொக் 'வெதுவெதுப்பு' இது என்று பக்கம் பக்கமாக எழுதினவர்கள் அதைக் காதால் பிடிக்கவில்லை. ஆக்கள் கேள்வி கேட்டு, நிறுவனமே ஒப்புக்கொண்ட பிறகுதான் தெரிந்தது. வழக்கும் வந்தது. தட்டுகள் நன்றாகத்தான் இருந்தன, அது வேற கதை. ஆனால் இதற்குப் பிறகும் ஒருவர் வந்து, இந்தப் பெட்டிக்கும் அந்தப் பெட்டிக்கும் நடுவில் 'ஆன்மா' வித்தியாசப்படுகுது என்று சொன்னால் எங்களுக்குச் சிரிப்பு வருவதைத் தடுக்க ஏலாது.

வால்வு போட்ட மலிவு ப்ரீஅம்ப்புகள் இதைவிடப் பகிடி. கண்ணாடிக் குமிழ் தெரிகிற மாதிரி வெளியில் நிற்கும், செம்மஞ்சளாய் ஒளிரும். சிலதில் அந்த ஒளி வால்விலிருந்து வருவதே இல்லை, கீழே ஒரு எல்ஈடி வைத்திருப்பார்கள். ஃபொட்டோவுக்கு வடிவுதான்.

எல்லாப் பெட்டியும் ஒன்றுதான் என்று நாங்கள் சொல்லவில்லை. மோசமான பெட்டி இருக்கு. வளைவைச் சரியாகப் பிடிக்காதது, கூடாத அடப்டரால் 50 ஹெர்ட்ஸில் 'ம்ம்ம்' என்று முனகுவது, சத்தமான இடத்தில் உடைந்துபோவது என்று குறைகள் இருக்கலாம். மூவிங் கொயில் கார்ட்ரிஜ் வைத்திருந்தால் கதையே வேற. அதன் வோல்ட் பத்தில் ஒன்று அளவுதான், 60 டெசிபெல் பெருக்கவேணும், அங்கே இரைச்சல் குறைந்த நல்ல பெட்டிக்குக் காசு போவது நியாயம். ஆனால் முதல் டேர்ன்டேபிள் வாங்குகிற எங்களில் யார் மூவிங் கொயில் வைத்திருக்கிறோம்?

மூவிங் மக்னெற்றுக்குப் பார்க்கவேண்டியது விலை இல்லை, பெட்டியின் பின்பக்கத்து எண்கள். உள்வரும் பக்கத்தில் 47 கிலோஓம். இது எல்லாவற்றிலும் இருக்கும். அடுத்தது கப்பாசிற்றன்ஸ். கடைக்காரர் சொல்லாத சங்கதி இதுதான். விஎம்95 கேட்பது 100 முதல் 200 பிக்கோஃபரட். ஓர்ட்டஃபோன் 2எம் ரெட் கேட்பது 150 முதல் 300. இதில் டேர்ன்டேபிளிலிருந்து வருகிற வயரின் பங்கும் சேரும். கணக்கு மிஞ்சினால் மேல் ட்ரெபிளின் போக்கு மாறும், ஓரிடத்தில் கூர்மையாய்க் குத்தி அதற்கு மேல் விழும். 'இந்தக் கார்ட்ரிஜ் கத்துது' என்று கழட்டி எறிந்தவர்களில் சிலருக்குப் பிரச்சினை இதுதான். ஏஆர்ரி டிஜே ப்ரீ 2 என்கிற சின்னப் பெட்டியில் இதை 100, 200 என்று மாற்ற ஒரு சுவிட்ச் இருக்கு, சத்த அளவைக் கூட்டிக் குறைக்க ஒரு குமிழ் இருக்கு, வளைந்த தட்டின் ஆட்டத்தை வெட்ட ஒரு ஃபில்ரரும் இருக்கு. வெளியூரில் 100 டொலருக்குள் முடிகிற சாமான். இதைவிடப் பல மடங்கு விலையான பெட்டிகள் சிலதில் இந்த மூன்றில் ஒன்றுமே இல்லை, முன்பக்க அலுமினியம் மட்டும் தடிப்பம்.

அதையும் வாங்க முதல், உங்களுக்குப் பெட்டி வேணுமா என்று பாருங்கோ. ஏஆர்ரி வேண்டாம், பெஹ்ரிங்கர் வேண்டாம், ஒன்றுமே வேண்டாமல் இருக்கலாம். ஓடியோ ரெக்னிக்காவின் எல்பி60எக்ஸ், எல்பி120எக்ஸ் இரண்டிலும் ப்ரீஅம்ப் உள்ளேயே இருக்கு, ஒரு சுவிட்சைத் தட்டினால் காணும். அப்பாவோ மாமாவோ 70களிலும் 80களிலும் வாங்கின சன்சுய், பயனியர், கென்வூட் அம்ப் வீட்டில் கிடந்தால் அதன் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கோ. 'ஃபோனோ' என்று எழுதின ஒரு சோடித் துளையும், பக்கத்தில் நிலவயர் முறுக்க ஒரு திருகாணியும் இருக்கும். அந்தக் காலத்தில் ப்ரீஅம்ப்பைத் தனியாக விற்கத் தேவை இருக்கவில்லை, அம்ப்போடு சேர்ந்தே வந்தது. தட்டு வழக்கொழிந்த காலத்தில் அதை வெட்டி எடுத்தார்கள், இப்ப தனியாகப் பெட்டி போட்டு விற்கிறார்கள். (ஜப்பானிலிருந்து பழையதாக இறங்கின செட் என்றால் 100 வோல்ட்டா என்று பார்த்துவிட்டுச் செருகுங்கோ. 230இல் செருகினால் இந்தக் கட்டுரைக்கு வேலை இருக்காது.) ஒரு விசயம் மட்டும்: ப்ரீஅம்ப்பிலிருந்து வருகிற வயரை அந்த ஃபோனோத் துளைக்குள் செருகக்கூடாது. இரண்டு முறை பெருக்கி, இரண்டு முறை வளைத்து, காது கிழியும்.

இப்போது ஊசிக்கு வருவோம். எங்கட கோபமும் அங்கேதான்.

சூட்கேஸ் மாதிரி மடிக்கிற வடிவான பிளேயர்கள் இன்ஸ்ராகிராமில் நிறைய வருது. அவற்றில் பொதுவாக இருப்பது மலிவுச் செராமிக் கார்ட்ரிஜ், 5, 6 கிராம் பாரத்தோடு தட்டை அழுத்தும், அதைக் குறைக்க வழி இருக்காது. விஎம்95ஈ கேட்பது 2 கிராம். புதுசாக அச்சான தட்டை அதில் போட்டால் உங்கட காசு, உங்கட விருப்பம். வீட்டில் இருக்கிற பழைய தட்டை அதில் போடாதேங்கோ. அந்தத் தட்டுக்கு மறுபதிப்பு வராது.

எங்கட வீடுகளில் தட்டு ஒன்று மிஞ்சியிருப்பதே அதிசயம். 1983இல் எரிந்த வீடுகளோடு போனது எவ்வளவு, 1995இல் யாழ்ப்பாணத்தை விட்டு வெளிக்கிட்டபோது அலுமாரிக்குள் விட்டுவிட்டு வந்தது எவ்வளவு, 2009இல் மிச்சம் இருந்ததும் போனது எவ்வளவு என்று யாரிடமும் கணக்கு இல்லை. உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடுகிறவர் எச்எம்வி தட்டைத் தூக்கிக்கொண்டு ஓடமாட்டார். அப்படியும் தப்பி, ஒரு பெரியம்மாவின் வீட்டுப் பரணிலோ கொழும்பில் ஒரு சொந்தக்காரரின் கட்டிலுக்குக் கீழேயோ கிடக்கிற படப்பாட்டுத் தட்டு, நாதஸ்வரத் தட்டு, கலியாண வீட்டு லவுட்ஸ்பீக்கரில் ஓடி ஓடித் தேய்ந்த பட வசனத் தட்டு, 70களின் ஈழத்துப் பொப் பாட்டுத் தட்டு எல்லாம் இனி ஒவ்வொரு ஓட்டத்தையும் எண்ணி ஓடவேண்டியவை. தேய்ந்த ஊசி உளி மாதிரி. பள்ளத்துச் சுவரை அது சீவி எடுத்தால் சீவினதுதான்.

ஓடியோ ரெக்னிக்கா தன் ஊசிகளுக்குச் சொல்கிற ஆயுள் இது: கூம்பு வடிவ ஊசிக்கு 500 மணித்தியாலம், எலிப்டிக்கலுக்கு 300, மைக்ரோலீனியருக்கு 1000. ஒரு நாளுக்கு ஒரு மணித்தியாலம் கேட்டால் எலிப்டிக்கல் ஒரு வருசம் முழுக்க வராது. இப்ப சொல்லுங்கோ, 'இன்னும் கொஞ்சம்' சேர்த்த காசு எங்கே போகவேணும்? விஎம்95 உடம்பில் ஊசியை மட்டும் கழட்டி மாற்றலாம், கூம்பு முதல் மைக்ரோலீனியர் வரை அதே உடம்பு. 78 சுற்று அரக்குத் தட்டுக்கென்று எஸ்பி என்கிற தடித்த ஊசியும் அதே உடம்பில் ஏறும். தாத்தா காலத்து 78ஐ எல்பி ஊசியால் ஓட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறோம். அகலமான பள்ளத்தின் அடியில் அந்த மெல்லிய ஊசி புழுதியை உழுதுகொண்டு போகும், பாட்டு மேலே சுவரில் இருக்கும்.

78இல் இன்னொரு வேடிக்கையும் இருக்கு. 1954க்கு முந்திய தட்டுகள் ஆர்ஐஏஏ வளைவில் வெட்டப்பட்டவை இல்லை, ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒவ்வொரு வளைவு. கனக்க அரக்குத் தட்டுகளில் ட்ரெபிள் கூட்டப்படவே இல்லை. ஆனால் எங்கட ப்ரீஅம்ப், 30 டொலர் ஆனாலும் 3000 டொலர் ஆனாலும், வேறு வளைவு தெரிவுசெய்ய வழியில்லாவிட்டால் அந்த ட்ரெபிளைக் குறைக்கத்தான் போகுது. பாடுகிறவர் தலைகாணிக்குள் இருந்து பாடுகிற மாதிரி இருக்கும். 'அந்தக் காலத்துப் பதிவு அப்படித்தான்' என்று நாங்களே பெயர் வைத்துவிடுகிறோம். இதைத் திருத்துவது விலை கூடின பெட்டி இல்லை, ஓடசிட்டி மாதிரி இலவச மென்பொருள் ஒன்று. பெஹ்ரிங்கரின் யூஎஃப்ஓ202 என்கிற தீப்பெட்டி அளவுச் சாமானில் ஃபோனோ ப்ரீஅம்ப்பும் இருக்கு, கணினிக்குப் போகிற யூஎஸ்பியும் இருக்கு. அண்ணைமார் அதைக் கையால் தொடமாட்டார்கள். பரணில் கிடக்கிற தட்டைப் பதிந்து வைப்பதற்கு அது காணும், அரிய தட்டு என்றால் ஒரு முறை நல்ல ஊசியில் ஓட்டிப் பதிந்துவிட்டு, பிறகு பதிவைக் கேட்கலாம். பழைய மோனோத் தட்டு என்றால் பதிந்த பிறகு இரண்டு பக்கத்தையும் ஒன்றாகச் சேர்த்து மோனோ ஆக்குங்கோ. மோனோப் பாட்டு முழுக்கப் பக்கவாட்டு அசைவில் இருப்பதால், மேலும் கீழும் துள்ளுகிற கீறல் சத்தம் அந்தச் சேர்க்கையில் வெட்டுப்பட்டுப் போகும். எந்த வால்வும் தராத தெளிவு இது, செலவு ஒன்றும் இல்லை.

ஆகவே, முதல் செட் போடுகிறவருக்கு எங்கட கணக்கு: உள்ளே ப்ரீஅம்ப் இருந்தால் அதைப் பாவியுங்கோ. இல்லாட்டி 100 டொலருக்குள் ஒன்று, கப்பாசிற்றன்ஸ் எண்ணைப் பார்த்து. மிச்சக் காசில் புது ஊசி, பாரம் நிறுக்க ஒரு சின்ன டிஜிற்றல் தராசு, தட்டுத் துடைக்க ஒரு நல்ல பிரஷ். கார்ட்ரிஜை நேர்ப்படுத்துகிற அளவுத்தாளை இறக்கி அச்சடித்தால் காணும், அளவு மாறாமல் அச்சடிக்கவேணும். இவ்வளவும் செய்த பிறகும் 'ம்ம்ம்' என்று முனகினால், கடைக்குப் போக முதல் நிலவயரை இறுக்கி, பெட்டியை அம்ப்பின் ட்ரான்ஸ்ஃபோமரிலிருந்து ஒரு முழம் தள்ளி வையுங்கோ.