மன்னார்க் காற்றும் ஆளில்லா விமானமும்

மன்னார்த் தீவின் தென்கரையில் 30 காற்றாலைகள் நிற்கின்றன. 'தம்பபவனி' எனப் பெயர் பெற்ற அந்நிலையம் 2020 டிசெம்பரில் திறக்கப்பெற்றது. அதன் வலு 103.5 மெகாவாற். ஆலைக்கு மூன்றாக 90 இறக்கைகள். ஒவ்வொன்றும் 60 மீற்றருக்கு மேல் நீளமுடையது. உப்புக் காற்றும் மணலும் இத்தகைய இறக்கைகளின் விளிம்பை அரிக்கும். மின்னல் தாக்கினால் நுனி பிளக்கும். கயிற்றில் தொங்கியபடி மனிதர் பார்த்துவந்த இக்குறைகளை, இன்று உலகின் பல நாடுகளில் கமரா பூட்டிய ஆளில்லா விமானம் படம் பிடித்து வருகின்றது. நம் இளைஞர் 'ட்ரோன்' என்பது இதனையே.

ட்ரோன் வாங்கும் இளைஞர் முதலில் நாடுவது கலியாண வீட்டை. அதிற் பிழையில்லை. ஆனால் எல்லோரும் கூடும் சந்தையில் கூலி இறங்குமேயன்றி ஏறுமோ? தொழில் வளர வேண்டுமாயின் படத்தை விற்பதை விட்டு அளவையை விற்கப் பழக வேண்டும். இத்தனையாவது இறக்கை, அடியிலிருந்து இத்தனை மீற்றரில், இவ்வளவு நீளமான வெடிப்பு என்று எழுதிக் கொடுப்பவனையே பொறியியலாளர் மீண்டும் அழைப்பார்.

முதற் பாடம் காற்று. வைகாசி முதல் புரட்டாதி வரை வீசும் சோளகம் காற்றாலைக்கு வாழ்வு, விமானிக்குப் பகை. புறப்படும்போது காற்றை எதிர்த்துச் செல்க. திரும்பும்போது அது துணை வரும். காற்றின் வழியே கடல்மேல் விட்டுப் பாதிப் பேற்றரியோடு எதிர்க்காற்றில் மீட்க முயன்றால் பொறி கரை சேர்வது அரிது. பாய் விரித்து ஓடிய நம் மீனவருக்கு இது புதுச்செய்தியன்று! பறக்க இயலாத நாளில் "இன்று முடியாது" என்று சொல்லும் துணிவும் இத்தொழிலின் திறமையே. அக்காத்திருப்பு நாட்களையும், சில நூறு முறை மின்னேற்றியதும் வலுவிழக்கும் பேற்றரியின் விலையையும் கூலியிற் சேர்க்காதவன், வேலை பெருகப் பெருகக் கடனாளியாவான்.

இனி, நிலப்படம். அடுத்தடுத்த படங்கள் நூற்றுக்கு எழுபது எண்பது பங்கு ஒன்றன்மேல் ஒன்று படியுமாறு எடுத்து, தரையில் அளந்து குறித்த புள்ளிகளோடு பொருத்தினால் நிலத்தின் மேடு பள்ளம் தெரியும். கட்டுக்கரைக் குளத்து வயல்களுக்கு இது பயன்படும். தீவுக்குள்ளோ, இதன் பயன் இன்னும் கூர்மையானது. 2025 ஓகஸ்டில் புதிய காற்றாலைகளை எதிர்த்து மன்னார் மக்கள் வீதியில் இறங்கினர். மழைநீர் வடிய வழியின்றித் தேங்குகிறது என்பது அவர்தம் முறைப்பாடுகளுள் ஒன்று. நீர் எங்கே தடைப்படுகிறது என்பதை நேர்மையான நிலப்படம் காட்டிவிடும். அதற்குக் கூலி கொடுப்பது நிறுவனமாயினும் கிராமத்துச் சங்கமாயினும் அளவு ஒன்றாகவே இருத்தல் வேண்டும். கொடுப்பவர் முகம் பார்த்து மேட்டைப் பள்ளமாக்கும் விமானியின் படத்தை அடுத்த முறை எவரும் நம்பார். அவன் மீண்டும் கலியாண வீட்டுக்கே திரும்புவான்.

சட்டத்தையும் அறிந்துகொள்க. சிவில் விமான சேவைகள் அதிகார சபை இப்பொறிகளை எடைப்படி வகுத்து விதி செய்திருக்கிறது. 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளையடுத்து நாடெங்கும் இவை பறப்பது தடுக்கப்பட்டது. இதையே நம்பியிருந்தோர் அன்று கைகட்டி நிற்க நேர்ந்தது. ஆதலால் மற்றொரு கைத்தொழிலையும் விட்டுவிடாதிருத்தல் நன்று.

வங்காலைப் பறவைகள் சரணாலயம் 2010 முதல் ராம்சார் ஈரநிலம். இரைச்சலோடு ஒரு பொறி தலைக்குமேல் வந்தால் பூநாரைக் கூட்டம் இரையை விட்டு எழுந்துவிடும். அங்கே படமெடுக்க அழைப்பவரிடம் வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதிக் கடிதத்தை முதலிற் கேட்டு வாங்குக, முற்பணம் பிறகு.