விட்டதைப் பிடிக்கிறேன் பேர்வழி

சீட்டே விழவில்லை என்று புலம்பாத போக்கர் ஆட்டக்காரர் உலகத்தில் கிடையாது. அவரே ஜெயித்த அன்று, "இன்றைக்கு அதிர்ஷ்டம்தான் காப்பாற்றியது" என்று சொல்லி யாராவது கேட்டிருக்கிறீர்களா? தோற்றால் ராசி, ஜெயித்தால் மூளை! கோளாறு இந்தக் கணக்கில்தான் ஆரம்பிக்கிறது.

2003-ல் லாஸ் வேகாஸில் நடந்த வேர்ல்ட் சீரிஸ் ஆஃப் போக்கர். முக்கியப் போட்டியில் இறங்கிய 839 பேரில் பத்துப் பேர்தான் மிச்சம். ஃபில் ஐவி கையில் இரண்டு ஒன்பது. கிறிஸ் மணிமேக்கர் (நிஜப் பெயரேதான்!) கையில் ஓர் ஏஸ், ஒரு ராணி. மேஜையில் இரண்டு ராணி, ஓர் ஆறு, ஓர் ஒன்பது. மணிமேக்கருக்கு மூன்று ராணி. நல்ல கைதான், ஆனால் ஐவியிடம் இருப்பது ஃபுல் ஹவுஸ். ஐவியின் சிப்ஸ் மொத்தமும் நடுவே வந்தாயிற்று. பாக்கி 44 சீட்டில் மணிமேக்கரைக் காப்பாற்றக்கூடியவை ஏழே ஏழு.

கடைசியாக விழுந்தது ஏஸ். ஐவி பத்தாவது இடத்தோடு வெளியே. மணிமேக்கர் பட்டம் வென்று 25 லட்சம் டாலரோடு வீட்டுக்கு.

பணம் உள்ளே போன நேரத்தில் ஐவி பக்கம் 37 சீட்டு இருந்தது. அப்படியும் தோற்றார். சுமார் ஆறு தடவைக்கு ஒரு தடவை இப்படித்தான் நடக்கும். ஆயிரக்கணக்கில் ஆடுகிறவருக்கு இதே அடி அடுத்தடுத்து மூன்று தடவைகூட விழும். பட்ட காலிலே படுவது சாபம் இல்லை, வெறும் கணக்கு.

நிஜமான நஷ்டம் அதற்கு அப்புறம் வருகிறது. பத்து டாலர் மேஜையில் விட்டதைப் பிடிக்க ஐம்பது டாலர் மேஜைக்குத் தாவுவார்கள். "இத்தனை தடவை தோற்றாச்சு, இனி வந்துதானே ஆகணும்?" வராது. கலைத்துப் போட்ட கட்டுக்குப் போன ஆட்டம் ஞாபகமே இருக்காது. இந்த ஆத்திர ஆட்டத்துக்குப் பெயர் டில்ட். பின்பால் இயந்திரத்தைப் பிடித்து உலுக்கினால் டில்ட் என்று காட்டி அது அந்தப் பந்தை முடக்கிவிடும். இயந்திரத்துக்கு இருக்கிற புத்தி!

உட்காரும் முன்பே "இவ்வளவு போனால் எழுந்துவிடுவது" என்று ஒரு தொகை வைத்துக்கொள்வது உதவும். வாடகைப் பணம், ஃபீஸ் பணம், கடன் பணம் எதுவும் அதில் சேரக் கூடாது. தோற்ற கைகளை மட்டும் அலசினால் போதாது, ஜெயித்தவற்றையும் நன்றாக ஆடத் தெரிந்த ஒருவரிடம் காட்ட வேண்டும். மட்டமாக ஆடி ஜெயித்த கைகள் அங்கேதான் மாட்டும்.

இன்னொன்றும் உண்டு. கிளப்பும் இணையதளமும் ஒவ்வொரு பந்தயத்திலும் தன் பங்கை உருவிக்கொள்கின்றன. எதிராளிக்குச் சமமாக ஆடுகிறவர்கூட அதனாலேயே மெல்ல மெல்லத் தோற்பார். மாதக்கணக்கில் கை நஷ்டம் என்றால் அதை இன்னும் "கெட்ட நேரம்" என்று சொல்லிக்கொண்டிருப்பது ரொம்பவே சௌகரியமான பேச்சு.