நடுவழியில் நிற்கும் பொறியாளர்

வெளிநாட்டில் வேலை பார்க்கும் ஓர் இந்தியப் பொறியாளர், முப்பது வயதைக் கடந்த பின்னர், மீண்டும் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து படிக்கலாமா என்று யோசிப்பது அவருடைய குடும்ப விஷயம் என்றே தோன்றும். கல்விக் கடன், குழந்தைகளின் பள்ளி, ஊரில் தனித்திருக்கும் பெற்றோர் என அவர் போட்டுப் பார்க்கும் கணக்குகள் எல்லாமே சொந்தக் கணக்குகள்தான். ஆனால், அவர் எடுக்கும் முடிவின் லாப நஷ்டத்தில் இந்த நாட்டுக்கும் பங்கு உண்டு. அதை தில்லி இன்னும் சரிவர உணர்ந்ததாகத் தெரியவில்லை.

அமெரிக்காவின் எச்-1பி விசா முதலில் 3 ஆண்டுகளுக்கும், நீட்டிக்கப்பட்டால் 6 ஆண்டுகள் வரையும் செல்லும். ஆண்டுக்கு 65,000 பேருக்கும், அந்நாட்டில் முதுநிலைப் பட்டம் பெற்றவர்களில் கூடுதலாக 20,000 பேருக்கும் இது வழங்கப்படுகிறது. நீட்டிப்புகளையும் சேர்த்தால், ஒப்புதல் பெறுவோரில் 70 சதவீதத்தினர் இந்தியாவில் பிறந்தவர்கள். ஆனால், கிரீன் கார்டு என்று வரும்போது எந்த ஒரு நாட்டினருக்கும் 7 சதவீதத்துக்கு மேல் இல்லை என்பது விதி. அதனால் இந்தியர்கள் பத்தாண்டுகளுக்கும் மேலாக வரிசையில் நிற்க நேரிடுகிறது.

இந்தச் சூழலில், மேற்படிப்பு என்பது அறிவுத் தேடலாக மட்டும் இருப்பதில்லை. அது குடியேற்றச் சட்டத்துடன் நடத்தும் பேரமாகவும் மாறிவிடுகிறது. அறிவியல், பொறியியல் பாடங்களில் பட்டம் பெறும் வெளிநாட்டு மாணவர், படிப்பு முடிந்ததும் 3 ஆண்டுகள் அங்கே பணிப் பயிற்சி பெறலாம் என்ற சலுகை பலரை ஈர்த்தது. 2023-24 கல்வியாண்டில் அமெரிக்காவில் இருந்த 3.31 லட்சம் இந்திய மாணவர்களில் 1.96 லட்சம் பேர் முதுநிலை, ஆராய்ச்சிப் படிப்புகளில் இருந்ததற்கு இதுவும் ஒரு காரணம். ஏற்கெனவே வேலையில் இருப்பவர் மாலை நேரத்தில் பகுதி நேரமாகப் படிக்கத் தடையில்லை. ஆனால், முழு நேரம் படிக்க விரும்பினால் சம்பளத்தைத் துறந்து மாணவர் விசாவுக்கு மாற வேண்டும். படிப்பு முடிந்ததும் நாடு திரும்புவேன் என்று காட்டினால்தான் அந்த விசா கிடைக்கும். கிரீன் கார்டு கேட்டு வரிசையில் நிற்பவர் அதை எப்படி நிரூபிப்பது?

2025 செப்டம்பரில் அதிபர் டிரம்ப் பிறப்பித்த ஆணை இந்தச் சிக்கலை மேலும் இறுக்கியது. புதிய எச்-1பி மனுக்களுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் என்று அந்த ஆணை அறிவித்தது. அமெரிக்காவுக்குள் இருந்தபடியே விசா வகையை மாற்றிக்கொள்வோருக்கு இது பொருந்தாது என்று அடுத்த மாதமே விளக்கம் வந்தது. ஆக, அங்கேயே இருப்பவருக்குப் பாதிப்பு குறைவு. தாயகம் திரும்பிவிட்டுப் புதிய மனுவுடன் மீண்டும் செல்ல நினைப்பவருக்கே அடி. திரும்பி வரத் துணிபவனைத் தயங்க வைக்கும் ஏற்பாடு அது.

திரும்பி வந்தவர்களால் நாடு அடைந்த பயனுக்குச் சான்று தேட வேண்டியதில்லை. கனடாவில் பொறியியல் முடித்து, கனடியன் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தில் பணியாற்றிய ஓர் இளைஞர், பின்னர் எம்.ஐ.டி.யில் முதுநிலைப் பட்டம் பெற்று, 1951-ல் இந்தியா திரும்பி டாடா மின் நிறுவனத்தில் சேர்ந்தார். அவர்தான் எஃப்.சி. கோலி. டி.சி.எஸ். நிறுவனத்தை உருவாக்கி, இந்திய மென்பொருள் துறையின் தந்தை எனப் போற்றப்பட்டவர்.

இன்று அப்படியொருவர் இந்தியாவிலேயே மேற்படிப்பைத் தொடர விரும்பினால் என்ன வழி? 2018 பட்ஜெட்டில் அறிவிக்கப்பட்ட பிரதமர் ஆராய்ச்சி உதவித்தொகை, முதல் ஆண்டிலேயே மாதம் ரூ. 70,000 தருகிறது, ஆனால், அது புதிதாகப் பட்டம் பெறும் பி.டெக். மாணவர்களை மனதில் வைத்து உருவானது. ராமானுஜன், வைபவ் உதவித்தொகைகள் வெளிநாட்டில் ஏற்கெனவே ஆராய்ச்சியாளர்களாக இருப்போருக்கானவை. யு.ஜி.சி. 2022-ல் கொண்டுவந்த தொழில்துறைப் பேராசிரியர் பதவிக்கு 15 ஆண்டு அனுபவம் வேண்டும். தொடக்கத்தில் இருப்பவருக்கும், சிகரத்தை எட்டியவருக்கும் கதவு திறந்திருக்கிறது. ஏழெட்டு ஆண்டு அனுபவத்துடன் நடுவழியில் நிற்பவருக்கோ எஞ்சுவது வழக்கமான பாதைதான். எம்.டெக். படிக்க மாதம் ரூ. 12,400 என்பதே பல ஆண்டுகளாக நீடித்த தொகை. 2023-ல் உயர்த்தப்பட்ட பிறகும் இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகை ரூ. 37,000. இதை வைத்துக்கொண்டு பெருநகரத்தில் குடும்பம் நடத்த முடியுமா?

நாடாளுமன்றத்துக்குப் புள்ளிவிவரங்களில் பஞ்சமில்லை. 2024-ல் மட்டும் 2.06 லட்சம் பேர் இந்தியக் குடியுரிமையைத் துறந்ததாக அரசே தெரிவித்தது. எண்ணிக்கை கேட்கப்படுகிறது, பதில் வருகிறது, அடுத்த நாள் செய்தியாகிறது, அத்துடன் முடிந்துவிடுகிறது. மணிப்பூர் பிரச்னையில் அவைகள் கொந்தளித்த 2023 மழைக்காலக் கூட்டத் தொடரில்தான் அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளை மசோதா நிறைவேறியது. 5 ஆண்டுகளில் ரூ. 50,000 கோடி என்று இலக்கு சொல்லப்பட்டது. அந்தப் பணத்தில் ஆராய்ச்சி செய்ய ஆள்கள் எங்கிருந்து வருவார்கள் என்ற கேள்விக்கு அந்த அமளியில் உரிய இடம் கிடைக்கவில்லை. 2020-21 கணக்குப்படி, மொத்த உள்நாட்டு உற்பத்தியில் வெறும் 0.64 சதவீதத்தை மட்டுமே ஆராய்ச்சிக்குச் செலவிட்ட நாடு இது.

டாலரில் சம்பாதித்தவருக்கு வரிப்பணத்தில் உதவித்தொகையா என்ற கேள்வி எழலாம். நியாயமான கேள்விதான். ஆகவே, சலுகை வெளிநாட்டில் இருந்ததற்காக வழங்கப்பட வேண்டாம்; அனுபவத்துக்காக வழங்கப்படட்டும். புணேயிலோ ஒசூரிலோ எட்டு ஆண்டுகள் இயந்திரங்களுடன் போராடிய பொறியாளருக்கும் அதே கதவு திறக்க வேண்டும். 5 முதல் 15 ஆண்டு வரை தொழில் அனுபவம் உள்ளவர்களுக்கென, பட்டம் பெற்ற ஆண்டைப் பார்க்காமல், பிரதமர் உதவித்தொகைக்கு இணையான ஒரு திட்டத்தை அறக்கட்டளையின் நிதியிலிருந்தே தொடங்கலாம். தொழிற்சாலையில் கண்ட சிக்கலையே ஆராய்ச்சித் தலைப்பாகக் கொண்டுவருபவருக்கு முன்னுரிமை தரலாம். ஆண்டுக்கு ஆயிரம் பேருக்கு, மாதம் ரூ. 75,000 வீதம் கொடுத்தாலும் செலவு ரூ. 90 கோடிதான்.

வெளிநாடு வாழ் இந்தியர்கள் 2024-ல் அனுப்பிய பணம் சுமார் 12,900 கோடி டாலர் என்று உலக வங்கி மதிப்பிட்டது. அந்தப் பணத்தைப் பெருமையுடன் குறிப்பிடும் அரசு, அதை அனுப்பியவர் படிக்கத் திரும்பி வந்தால் எங்கே அமர வைப்பது என்றும் யோசிக்க வேண்டும். அவர் முடிவெடுக்கும் நாளில், அமெரிக்கப் பல்கலைக்கழகத்தின் கடிதத்துக்குப் பக்கத்தில் இந்தியாவிலிருந்தும் ஒரு கடிதம் அவர் மேஜையில் இருக்க வேண்டும். அதன் பிறகு எதைத் தேர்ந்தெடுப்பது என்பது அவர் விருப்பம்.